பதிவேட்டின் பின்பக்கம்

முட்டைக் கணக்கு நோட்டைத்
தலைகீழாய்த் திருப்பிப் பிடித்தால்
கடைசித் தாளில் பாம்புக் கணக்கு.

செவ்வாய். ஜிலேபி மீன், விரல் நீளம், நாலு.
தலையோடு, முள்ளோடு, குடலோடு.
சனி. மண்புழு மூன்று. ஒன்றை வேண்டாமென்று விட்டது.
எடை தொண்ணூற்றிரண்டு கிராம்,
ஜெயசிங் கடைத் தராசில்,
அவர் ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு.

ஒத்தக்கடைப் பள்ளியில்
நூற்றுப் பதினாறு தட்டுக்கு
அரிசியும் பருப்பும் அளப்பவள் நான்.
ரூபன் கோயம்புத்தூர் விடுதிக்குக் கிளம்பிய அன்று
கண்ணாடிப் பெட்டியை என் கட்டிலருகே வைத்துவிட்டு
"நீதானம்மா அமைப்பாளர், இதையும் சேத்துக்க" என்றான்.
நூற்றுப் பதினேழு.
கார்ட்டர் பாம்பு. முதுகில் மூன்று மஞ்சள் கோடு.
பதிவுச் சான்றிதழ் இருக்கிறது,
ரேஷன் கார்டுதான் இல்லை.

வெள்ளிக்கிழமை செல்லத்தாயி சொம்பில் பாலோடு வந்தாள்.
குடிக்காது என்றேன்.
"புத்துல ஊத்துனா காலியாகுதே?"
குடிப்பது மண்ணு என்றேன்.
சொம்பை இடுப்பு மாற்றிக்கொண்டு யோசித்தாள்.
"அமெரிக்காப் பாம்புங்குற.
அப்ப காப்பி?"

பள்ளி உரக்குழிச் செம்புழுவைத்தான் முதலில் போட்டேன்.
கக்கிவிட்டது.
மழை விட்டதும் வாய்க்கால் ஓரம் நெளிகிற
நாட்டுப் புழுதான் அதற்குச் சோறு என்று
அப்புறம் தெரிந்தது. அது சின்னத் தப்பு.

பெரிய தப்பு, கெண்டை.
கண்மாய் வற்றி ஊரே வலையோடு இறங்கிய அன்று
யாரோ ஒரு வாளி கெண்டைக்குஞ்சு கொடுத்தார்கள்.
காசில்லாமல் வந்தது. துள்ளிக்கொண்டு வந்தது.
ஐஸ் பெட்டியில் அடுக்கி
ஏழு வாரம் போட்டேன்.
ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.
வழித்த தட்டு நல்ல சாப்பாடு,
என் பத்தொன்பது வருசப் பாடம் அதுதான்.

ஒரு விடிகாலை
தலையைத் திருகி மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தது.
மீனைக் காட்டினேன்.
பாய்ந்தது,
நாலு விரல் தள்ளி
காற்றைக் கவ்வியது.

"என்ன மீன் போட்ட?"
கெண்டை.
போனில் கொஞ்ச நேரம் அவன் விடுதியின் சத்தம் மட்டும்.
"கெண்டையில ஒண்ணு இருக்கும்மா.
உள்ள போயி பி-ஒன்ன அழிச்சிரும்."

பி-ஒன் எனக்குத் தெரியும்.
சமையற்கூடச் சுவர் அட்டையில் இரண்டாம் வரிசை,
பயறு படத்துக்குப் பக்கத்தில்,
தாளிப்பு தெறித்துத் தெறித்துப் பழுப்பேறியது.
எத்தனை ஆய்வுக்கு ஒப்பித்திருக்கிறேன்.
சோறே சத்தைத் தின்னும் என்று
அட்டையில் எழுதவில்லை.

நாலாம் வகுப்பு அன்னக்கொடி
தட்டை நக்கித் துடைத்துவிட்டு
மதியம் முதல் மணியிலேயே தூங்கிப்போவாள்.
உண்ட மயக்கம் என்று
டீச்சரிடம் சொன்னது நான்.

கரிமேட்டில் பிலோமினா கேட்டாள்,
"குட்டி ஜிலேபியா? முள்ளாத்தான் இருக்கும். பூனைக்கா?"
ஆமா.
மெடிக்கலில் மாத்திரை வாங்கி
டாக்டர் சொன்ன துணுக்கைக் கிள்ளிப் பொடித்து
மீனின் செவுளுக்குள் தடவினேன்.
ஐந்து நாள் தொடவே இல்லை. ஆறாம் நாள் ஒன்று.
பதின்மூன்றாம் நாள்
குறி தப்பாமல் வந்து
என் இடுக்கியையும் சேர்த்துப் பிடித்தது.
அதற்குள்
நர்சம்மாவுக்கு ஒரு கடிதம் போயிருந்தது,
அன்னக்கொடிக்கு ரத்தம் பாருங்கள் என்று.
அதன் நகல் நோட்டின் முன்பக்கம்.

ராத்திரி ஒன்பதுக்கு ரூபன் கூப்பிடுவான்.
"சாப்டாச்சா?"
ஜிலேபி நாலு, முழுசா, என்றேன் நேற்று.
சிரித்தான். "உன்னையக் கேட்டேன்."

அண்டாவில் ஒட்டியதைச் சுரண்டி
நின்றபடி தின்றது மதியம்.
பிறகு ரெண்டு டீ.
இதை எந்தப் பக்கம் எழுதுவது?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
நாக்கை நீட்டி நீட்டி
சோப்புப் போட்டுக் கழுவிய என் கையில்
இன்னும் மீன் இருக்கிறதா என்று
பார்த்துக்கொண்டிருக்கிறது அது.